மரக்கடைசலில் முகக் காப்பும் மூச்சுக் காப்பும்

மரக்கடைசலில் முகக் காப்பும் மூச்சுக் காப்பும் என்பது, கடைசல் இயந்திரத்தில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் செதுக்கும்போது தெறிக்கும் துண்டுகளில் இருந்து கண்ணையும் முகத்தையும், எழும் நுண்தூசில் இருந்து மூக்கையும் நுரையீரலையும் காக்கும் முறைகளைக் குறிக்கும். இவ்விரண்டும் வெவ்வேறு இடர்கள் ஆகும். ஒன்றுக்கான கவசம் மற்றொன்றைத் தடுப்பதில்லை.

தாமிரபரணிக் கரையில் கடைசல்

திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணியின் வடகரையில் அமைந்துள்ள அம்பாசமுத்திரம், மரச் சொப்புச் சாமான்களுக்குப் பெயர் பெற்ற ஊர். குட்டி உரல், உலக்கை, குடம், பானை முதலிய விளையாட்டுப் பொருட்கள் இங்கு கடைசலில் உருவாகின்றன. இத்தகைய பொருட்களுக்கு மஞ்சள் கடம்பு, தேக்கு, ஈட்டி, ரப்பர் மரம் முதலியன பயன்படுகின்றன. சுழலும் மரத்தின் மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வு வெப்பத்தில் அரக்கு உருகிப் பரவும். பின்னர் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவது அரக்குக் கடைசலின் மரபு.

மின்னோடி வருவதற்கு முன்னர், கயிற்றை முன்னும் பின்னும் இழுத்தே கடைசல் கட்டை சுழற்றப்பட்டது. வேகம் குறைவு, சுழற்சியும் விட்டுவிட்டே நிகழும். மின்னோடி அதனை இடைவிடாத வேகமாக்கியது. 15 செ.மீ. விட்டமுள்ள கட்டை நிமிடத்துக்கு 1500 முறை சுழன்றால், அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர், அதாவது மணிக்கு 42 கி.மீ. வேகத்தில் நகரும். வெடிப்போ முடிச்சோ உள்ள கட்டை உடைந்தால் அதன் துண்டு அந்த வேகத்திலேயே முகத்தை நோக்கி வரும்.

தூசின் தன்மை

உளியில் இருந்து சுருள் சுருளாக விழும் செதில்கள் பார்வைக்கு மிகுதியாகத் தோன்றினாலும் மூச்சுக்குப் பெருங்கேடு செய்வன அல்ல. அவை கனமானவை, உடனே தரையில் விழுந்துவிடும். உப்புத்தாள் கொண்டு தேய்க்கும்போது எழும் மாவு போன்ற தூசே முதன்மையான இடர். அதிலுள்ள 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள் ஒன்று, அசைவற்ற காற்றில் ஓர் ஆள் உயரத்தில் இருந்து தரையை அடைய அரை மணி நேரத்துக்கு மேலாகும். எனவே இயந்திரத்தை நிறுத்தியவுடன் முகமூடியைக் கழற்றுவதும், துடைப்பத்தால் பட்டறையைப் பெருக்குவதும் காப்பைப் பாழாக்கும் செயல்கள்.

இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதியில் தளவாடம் செய்யும் தொழிலாளரிடையே மூக்கறைப் புற்றுநோய் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதை அச்சிசன், ஹாட்ஃபீல்டு முதலியோர் 1968 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995 இல் மரத்தூசை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. வன்மரத் தூசுக்கே சான்றுகள் மிகுதி. இங்கு வன்மரம் என்பது அகன்ற இலை மரங்களைக் குறிக்குமேயன்றி மரத்தின் கடினத்தை அன்று. ஆகவே மென்மையாகக் கடைய வரும் ரப்பர் மரமும் மஞ்சள் கடம்பும் இவ்வகையினவே. இந்நோய் தூசுக்கு ஆட்பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படக் கூடியது. "நாற்பது வருடமாகக் கடைகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்னும் வாதம் இதனாலேயே பொருளற்றுப் போகிறது.

ஈட்டி, தேக்கு ஆகியவற்றின் தூசு சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். மரத்தூசினால் ஈளை நோயும் (ஆஸ்துமா) வரக்கூடும்.

துண்டு ஏன் போதாது

மூக்கையும் வாயையும் தோள் துண்டால் கட்டிக்கொள்ளும் வழக்கம் இருவகையில் தீங்கானது. துணியின் இழை இடைவெளிகள் நுண்தூசைத் தடுப்பதில்லை, ஓரங்கள் வழியாகவும் காற்று புகும். தொங்கும் முனை சுழலும் கட்டையில் சிக்கினால் முகத்தையே இயந்திரத்தை நோக்கி இழுத்துவிடும். அதே காரணத்தால் கடைசலில் கையுறையும் தளர்ந்த சட்டைக் கையும் கூடா. பாதுகாப்புக்காக அணிவதே ஆபத்தாக முடியும் தொழில்களுள் கடைசலும் ஒன்று.

காப்புக் கருவிகள்

மூச்சுக்கு, ஐ.எஸ். 9473 என்னும் இந்தியத் தரத்தில் எஃப்.எஃப்.பி.2 வகை முகமூடியோ, 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டை வடிகட்டும் என்95 வகையோ பொருத்தமானது. காதில் மாட்டும் அறுவை முகமூடி முகத்தோடு ஒட்டி அமையாததால் பயன் குறைவு. தாடி இருந்தாலும் விளிம்பு ஒட்டாது. கோவிட் காலத்தில் மூச்சை வெளிவிடும் அடைப்பிதழ் கொண்ட முகமூடிகள் வேண்டாம் எனப்பட்டது, அணிபவரின் மூச்சு பிறரை அடையாதிருக்கவே. மரத்தூசுக்கு அத்தடை பொருந்தாது. திருநெல்வேலி வெயிலில் நாள் முழுதும் அணிய வேண்டியவர்க்கு அடைப்பிதழ் உள்ளதே ஏற்றது. முகமூடி கழற்றி வைக்கப்படுவதற்குப் பெரும்பாலும் வியர்வையே காரணம், அறியாமை அன்று.

முகத்துக்கு, நெற்றி முதல் தாடை வரை மறைக்கும், மோதலைத் தாங்கும் பாலிகார்பனேட்டு முகக் கேடயம் தேவை. மூக்குக் கண்ணாடி அதற்கு ஈடாகாது. இயந்திரத்தை இயக்கும் நொடியில் கட்டையின் சுழல்தளத்துக்கு நேரே நில்லாமல் ஒதுங்கி நிற்பது செலவற்ற காப்பு.

இவை அனைத்தும் கடைசி அரண்களே. தூசு எழும் இடத்திலேயே அதனை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் அமைப்பதே முதன்மையானது. அதனால் அருகில் இருப்போரும் காக்கப்படுவர்.

சட்டம்

1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14 ஆம் பிரிவு தூசை அகற்றுவதையும், 35 ஆம் பிரிவு கண் காப்பையும் பற்றியன. விசையால் இயங்கும் இடங்களில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தாலே அச்சட்டம் பொருந்துமாறு இருந்தது. 2020 இல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைகள் சட்டத்தொகுப்பு இவ்வெண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. வீட்டுத் திண்ணையிலோ பின்கட்டிலோ ஓரிருவர் நடத்தும் கடைசல் பட்டறை இவ்விரு வரையறைகளுக்கும் வெளியே நிற்கிறது. அங்கு முகமூடி வாங்குவது கடைபவரின் சொந்தச் செலவு.