கணினிப் பிணையச் சொற்கள் தோன்றிய வரலாறு

பொதி, திசைவி, நெறிமுறை, ஐபி முகவரி ஆகியவை கணினிப் பிணையப் பாடத்தின் அடிப்படைச் சொற்கள். ஒவ்வொன்றும் ஒரு சிக்கலுக்குத் தீர்வாகத் தோன்றியது. அந்தச் சிக்கலை அறிந்தால் வரையறையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பொதி

பழைய தொலைபேசி முறையில், இருவர் பேசி முடிக்கும்வரை ஒரு தடம் முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கப்படும். இது சுற்று நிலைமாற்றம் எனப்படும். கணினிகளோ விட்டுவிட்டுத் தரவு அனுப்புபவை. இடைப்பட்ட நேரமெல்லாம் தடம் வீணாகக் கிடக்கும்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பால் பாரன் வேறொரு கவலையிலிருந்து தொடங்கினார். அணுகுண்டுத் தாக்குதலில் சில நிலையங்கள் அழிந்தாலும் செய்தி போய்ச்சேர வேண்டும். அதற்காகச் செய்தியைத் துண்டுகளாக்கிப் பல வழிகளில் அனுப்பும் திட்டத்தை வகுத்தார். 1965இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ், பாரனின் பணியை அறியாமலே, தடத்தைப் பலர் பகிர்ந்துகொள்வதற்காக இதே முறையைக் கண்டார். துண்டுக்கு 'பாக்கெட்' என்று பெயரிட்டவர் இவரே. தமிழில் அதைப் பொதி என்கிறோம்.

நூறு பக்கக் கையெழுத்துப்படியைப் பக்க எண் இட்டு நூறு உறைகளில் அஞ்சலில் சேர்ப்பதாகக் கொள்வோம். உறைகள் முன்பின்னாக வந்தாலும் எண்ணைப் பார்த்து அடுக்கிவிடலாம். தொலைந்த பக்கத்தை மட்டும் மறுபடி கேட்டால் போதும்.

திசைவி

1969இல் அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் பிணையம் தொடங்கியபோது, அதில் இணைந்த கணினிகள் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை. எனவே பொதிகளை வாங்கி வழியனுப்பும் வேலைக்கென ஒவ்வொரு நிலையத்திலும் தனியாக ஒரு சிறு கணினி வைக்கப்பட்டது. இன்றைய திசைவியின் முன்னோடி அதுவே.

1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்துக்கு 'லாகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றனர். முதல் இரண்டு எழுத்துகள் சென்றதும் எதிர்முனைக் கணினி செயலிழந்தது. சுமார் ஒரு மணி நேரத்துக்குப் பின் இணைப்பு கைகூடியது.

நெறிமுறை

தடம் இருந்தால் மட்டும் போதாது. இரு முனைகளுக்கும் பொதுவான விதிகள் வேண்டும். அந்த விதித்தொகுப்பே நெறிமுறை. தனித்தனிப் பிணையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெறிமுறையை விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974இல் வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்த டிசிபி/ஐபிக்கு 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் மாறியது. இதில் ஐபி பொதியைச் சேருமிடம் நோக்கி அனுப்பும். டிசிபி பொதிகளை வரிசைப்படுத்தி, தொலைந்தவற்றை மறுபடி அனுப்பச் செய்யும்.

ஐபி முகவரி

பொதி போய்ச்சேர முகவரி வேண்டும். ஐபியின் நான்காம் பதிப்பில் முகவரியின் நீளம் 32 பிட்டுகள். அதாவது சுமார் 430 கோடி முகவரிகள். ஆய்வுப் பிணையமாக இருந்த காலத்தில் இது மிகப் பெரிய எண். ஆனால் 2011 பிப்ரவரியில் உலகப் பொது இருப்பிலிருந்த கடைசித் தொகுதிகளும் பங்கிடப்பட்டுவிட்டன. இதை எதிர்பார்த்து முன்பே வகுக்கப்பட்ட ஆறாம் பதிப்பின் முகவரி 128 பிட்டுகள் கொண்டது. இன்று இரண்டு பதிப்புகளும் சேர்ந்தே இயங்குகின்றன. ஒரே நாளில் எல்லோரும் மாறிவிட இணையம் இப்போது 1983இன் அளவில் இல்லை.