ஏறியவர் குற்றமா, காப்பவர் கடமையா?
செஞ்சிக் கோட்டை விபத்துகளும் தீங்கியல் சட்டமும்

செஞ்சி இராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். கற்படிகள் பல இடங்களில் செங்குத்தானவை. உச்சிக் கோட்டைக்குச் சற்று முன்னால் குறுக்கிடும் ஆழமான பாறைப் பிளவைப் பாலத்தின் வழியே கடக்க வேண்டும். பகைவர் ஏறக்கூடாது என்று அமைத்த இந்த வழியில்தான் இன்று நுழைவுச்சீட்டு வாங்கிய குடும்பங்கள் குழந்தைகளோடு ஏறுகின்றன. 2025 ஜூலையில் ‘மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்’ தொகுப்பின் 12 கோட்டைகளில் ஒன்றாக, தமிழ்நாட்டின் ஒரே கோட்டையாக, செஞ்சி யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கே விழுந்து அடிபட்டவர் இழப்பீடு கேட்டால், “மலை என்று தெரிந்துதானே ஏறினார்?” என்பதே முதலில் எழும் மறுப்பு. சட்டம் இதை ‘இடர் ஏற்பு’ என்கிறது. மலைக்கே உரிய ஆபத்துக்கு இந்த மறுப்பு பொருந்தும். காப்பாளர் கட்டியதாலோ, கட்டியதைப் பழுதுபார்க்காமல் விட்டதாலோ விளைந்த ஆபத்துக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வருபவரின் உரிமை

இங்கிலாந்தில் இடத்தை வைத்திருப்போரின் பொறுப்புக்கு 1957 முதல் தனிச் சட்டம் உண்டு. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை, தீர்ப்புகளே வழிகாட்டி. வந்தவர் அழைக்கப்பட்டவரா, அனுமதி பெற்றவரா, அத்துமீறியவரா என்பது பழைய பொதுச் சட்டத்தின் முதல் கேள்வி. செஞ்சியில் அதற்கு நீண்ட விசாரணை தேவையில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் செல்லும் உரிமையைப் பொதுமக்களுக்கு 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம், 18ஆம் பிரிவில், விதிகளுக்கு உட்பட்டு வழங்குகிறது. இரவில் பிறர் நிலத்தைக் கடந்து தன் நிலத்துக்குச் சென்றவர், எச்சரிக்கை ஏதுமின்றி அங்கே இழுக்கப்பட்டிருந்த மின்கம்பியால் காயமுற்ற வழக்கில், நில உரிமையாளரே பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் 1984இல் தீர்த்தது. பிறர் நிலத்தைக் கடந்தவருக்கே அந்தப் பாதுகாப்பு உண்டென்றால், சட்டம் தந்த உரிமையோடு வருபவருக்கு அதைவிடக் குறைவாக இருக்க முடியாது.

பழமையும் பொறுப்பும்

பழைய கட்டுமானத்தை வைத்திருப்பதே குற்றமாகிவிடாது. கார்வேட்டிநகர ஜமீனின் இரண்டு ஏரிகள் உடைந்து ரயில் பாலங்களை அடித்துச் சென்றபோது, மதராஸ் ரயில்வே கம்பெனி வழக்குத் தொடுத்தது. பாசனத்துக்காகத் தொன்றுதொட்டு இருந்துவரும் ஏரிகளைக் காப்பது ஜமீன்தாரின் கடமை. ஆகவே கவனக்குறைவு இருந்தாலன்றி அவர் பொறுப்பாகார் என்று பிரிவி கவுன்சில் 1874இல் கூறியது. சட்டப்படி கோட்டையைக் காத்துவரும் ஒன்றிய அரசின் தொல்லியல் துறைக்கும் இது பொருந்தும். கண்டிப்புப் பொறுப்பு இல்லை, கவனக்குறைவு வேண்டும்.

ஆனால் அதை மெய்ப்பிப்பது எப்படி? டெல்லி சாந்தினி சவுக்கில் 1951இல் மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் இறந்த வழக்கு இங்கே உதவும். சுமார் 80 ஆண்டு வயதான அக்கட்டடத்தின் ஆயுள், பயன்படுத்திய சாந்தைக் கொண்டு பார்த்தால், 40, 45 ஆண்டுகளே. விழுந்ததே கவனக்குறைவுக்குச் சான்று, பழுது வெளியே தெரியவில்லை என்பது மறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 1966இல் முடிவு செய்தது. பல நூற்றாண்டு வயதான மண்டபத்துக்கு ஆயுள் கணக்குப் பொருந்தாது. எனினும் அந்த முதுமை காப்பாளருக்குத் தெரிந்ததே என்பதால் முறையாகச் சோதிக்கும் கடமை கூடுகிறது. மேற்கூரைக் கல் விழுந்தால் சோதனைப் பதிவேட்டைக் காட்ட வேண்டியவர் அவரே.

அரசின் மறுப்புகள்

1958 சட்டத்தின் 37ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்காகப் பொது ஊழியர்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறது. அது ஊழியரைத்தான் குறிப்பிடுகிறது. ஒன்றிய அரசைக் குறிப்பிடவில்லை. ஆகவே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி இரண்டு மாத அறிவிப்பு கொடுத்து, ஒன்றிய அரசைப் பிரதிவாதியாக்குவதே சரி. இறைமை அதிகாரம் என்ற கேடயம் 1965இல் கஸ்தூரிலால் வழக்கில் அரசைக் காத்தது. 1994இல் நாகேந்திர ராவ் வழக்கு அதன் எல்லையைச் சுருக்கிவிட்டது. சீட்டு விற்பதும் கைப்பிடிக் கம்பியைப் பழுதுபார்ப்பதும் அரசு மட்டுமே செய்யக்கூடிய இறைமைச் செயல்கள் அல்ல.

எஞ்சுவது இடர் ஏற்பு. ஆபத்தை அறிந்திருப்பது வேறு, அதன் விளைவைத் தானே சுமக்க இசைவது வேறு. படியை விட்டு விலகி, படம் எடுக்கப் பாறை விளிம்பில் நின்று வழுக்கியவர் மலையின் ஆபத்தைத் தாமே தேடிக்கொண்டார். கோட்டைக் குளத்தில் குதித்தவரும் அப்படியே. ஹார்ட்விக் மாளிகைக் குளத்தில் மூழ்கியவர் வழக்கில், கண்ணுக்குத் தெரியும் ஆபத்தை எச்சரிக்கும் கடமை இல்லை என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் சொன்னது. ஆனால் துறை நட்ட கம்பியில் சாய்ந்து, அது பெயர்ந்து விழுந்தவர் எதற்கும் இசையவில்லை. அந்தக் கம்பி தாங்கும் என்று நம்பினார்; நம்பச் செய்தது துறை. தன்னிச்சையாக இசையும் பக்குவமில்லாத சிறு குழந்தைக்கு எதிராக இந்த மறுப்பே எழாது.

இப்படிப் பொறுப்பேற்றினால் துறை கோட்டையைப் பூட்டிவிடும் என்ற அச்சம் பொருளற்றதன்று. சிலரின் துணிச்சலுக்காக எல்லோருக்கும் ஏரிக்கரையை மூடலாகாது என்று 2003இல் டாம்லின்சன் வழக்கில் பிரபுக்கள் சபை சொன்னதும் இதனால்தான். இங்கே முன்வைக்கும் பகுப்பு அந்த அச்சத்துக்கு இடம் தராது. பாறை விளிம்புக்கெல்லாம் வேலி போடும்படி அது கேட்கவில்லை. போட்ட வேலி உறுதியாக இருக்க வேண்டும் என்றே கேட்கிறது. கம்பியின்மேல் ஏறி உட்கார்ந்தவரும் தவறு செய்தவரே. அதற்கேற்ப இழப்பீட்டைக் குறைக்கலாம். பங்குக் கவனக்குறைவைக் கணக்கிட்டு இழப்பீட்டைப் பிரிப்பது நம் நீதிமன்றங்களுக்குப் பழகிய வழி. முழு வழக்கையும் ஒரே கேள்வியால் தள்ளிவிடுவதைவிட அதுவே நீதிக்கு நெருக்கமானது.