சம்பளச் சலுகை தள்ளுபடியாக மாறிய கதை

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பெற்றோர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், அந்தக் காலேஜ்ல பாதி ஃபீஸ் குறைக்கிறாங்களாம், சேர்க்கலாமா?" இந்தச் சலுகை வந்த கதை தெரிந்தால் பதிலும் தெரிந்துவிடும். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் படிப்புக் கட்டணத்துக்குப் பெயரே 'சம்பளம்'. சலுகை என்றால் அரைச் சம்பளம் அல்லது முழுச் சலுகை. யாருக்கு என்பதை அரசு விதி சொல்லும். 1973-ல் தொடங்கிய ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி போன்ற உதவி பெறும் கல்லூரிகளில் ஆசிரியர் ஊதியத்தை அரசு கொடுத்ததால், கட்டணமும் கைக்கு எட்டியது.

1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தந்தது. அதே ஆண்டு நம் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி வந்தது. 'சுயநிதி' என்றால் அரசு மானியம் கிடையாது, மாணவர் கட்டும் பணத்தில்தான் கல்லூரி நடக்க வேண்டும். அப்படியானால் ஏழைப் பிள்ளைக்கு யார் கட்டுவது?

1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. பாதி இடம் இலவச இடம், அதற்கு அரசுக் கல்லூரிக் கட்டணம். மீதிப் பாதி கட்டண இடம். அதாவது ஒரு பிள்ளையின் சலுகைக்குப் பக்கத்து பெஞ்சுப் பிள்ளை பணம் கட்ட வேண்டும். இலவச இடமோ மதிப்பெண்ணுக்குத்தான், வறுமைக்கு இல்லை. டியூஷன் வைத்துப் படித்த நகரத்துப் பிள்ளை அதைப் பிடித்தது. குறைந்த மார்க் வாங்கிய கிராமத்துப் பிள்ளை அதற்கும் சேர்த்துக் கட்டியது. 2002 அக்டோபர் 31-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு இந்த முறையை ரத்து செய்தது. அது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

பிறகு அரசே முன்வந்தது. 2010-ல் முதல் பட்டதாரி சலுகை வந்தது. 2021-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது, அவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது உரிமை. யாரும் போடுகிற பிச்சை இல்லை.

இதற்கிடையில் கல்லூரிகள் பெருகி, இடங்கள் காலியாகக் கிடந்தன. அப்போது வந்ததுதான் கல்லூரியே தரும் 'ஸ்காலர்ஷிப்'. அமெரிக்காவில் இது பழைய பழக்கம். அங்கே தனியார் கல்லூரிகள் கட்டணத்தை உயர்த்தி அறிவித்துவிட்டு, முதலாண்டு மாணவருக்குச் சராசரியாகப் பாதிக்கு மேல் குறைக்கின்றன. நம் ஊர் ஆடித் தள்ளுபடி மாதிரிதான். தனி அறக்கட்டளைப் பணம் இல்லாத கல்லூரியில், குறைத்த தொகையை முழுக் கட்டணம் கட்டுகிறவர்தான் ஈடுகட்ட வேண்டும். அதிகத் தள்ளுபடி கிடைப்பதும் அதிக மார்க்குக்கே. 2002-ல் நீதிமன்றம் வேண்டாம் என்ற ஏற்பாடு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, சலுகை நான்கு வருடத்துக்கா, முதல் வருடத்துக்கு மட்டுமா? இரண்டு, ஒரு அரியர் விழுந்தால் போய்விடுமா? ஆண்டுக்கு 2 லட்சத்தில் பாதி குறைந்தால் நான்கு வருடத்துக்கு 4 லட்சம். முதல் வருடத்தோடு நின்றால் 7 லட்சம். மூன்று, விடுதி, பஸ், தேர்வுக் கட்டணம் தனியா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. முதல் பட்டதாரி சலுகை அரசு கலந்தாய்வில் எடுத்த இடத்துக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டிலோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ சேர்ந்தால் கிடைக்காது. தள்ளுபடி நோட்டீசைப் பார்த்து அவசரப்பட்டு அட்வான்ஸ் கட்டாதீர்கள். முதலில் முதல் பட்டதாரி சான்றுக்கு மனு போடுங்கள். தெரிந்த வீடுகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.