ஓடுபாதை மூடிய பின்: சுங்கை பீசியும் தெம்பல்ஹோஃபும்

பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டம் கைமாறினால், அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் செய்தி கடைசியாக வந்து சேரும். மேம்பாட்டாளரின் பலகை நட்ட பிறகே விஷயம் தெரிந்த கதைகளைச் சுங்கை சிப்புட்டிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை கேட்கலாம். பெரியதொரு நிலம் பழைய பயனுக்கு இனி வேண்டாம் என்றானதும், அடுத்து அதில் என்ன வரவேண்டும் என்று முடிவெடுப்பவர் யார்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, மூடப்பட்ட இரண்டு நகர விமான நிலையங்களைப் பார்க்கலாம். ஒன்று கோலாலம்பூரின் சுங்கை பீசி. மற்றொன்று பெர்லினின் தெம்பல்ஹோஃப்.

சுங்கை பீசி 1952இல் திறக்கப்பட்டது. 1965இல் சுபாங் விமான நிலையம் வந்ததும் பயணிகள் விமானங்கள் அங்கே போய்விட்டன. நிலம் விமானப்படையிடம் இருந்தது. 1958இல் பிறந்த நம் விமானப்படைக்கு இதுவே தாய்வீடு. 2018இல் தளம் மூடப்பட்டது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நிலத்தின் தலையெழுத்து எழுதப்பட்டுவிட்டது. 486 ஏக்கரும் அரசின் 1எம்டிபி நிறுவனத்திடம் போய், 'பண்டார் மலேசியா' என்று பெயர் பெற்றன. 2015 இறுதியில் 60 விழுக்காட்டுப் பங்கை ஒரு மலேசிய, சீனக் கூட்டணிக்கு 741 கோடி வெள்ளிக்கு விற்க ஒப்பந்தமானது. 2017இல் அது முறிந்தது, 2019இல் உயிர் பெற்றது, 2021இல் மறுபடி காலாவதியானது. அங்கே வருவதாக இருந்த சிங்கப்பூர் அதிவேக ரயில் திட்டமும் 2020 முடிவோடு கைவிடப்பட்டது. இத்தனை திருப்பங்களையும் நகரவாசிகள் நாளிதழில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். எதிலும் அவர்களுக்கு வாக்கு இல்லை.

தெம்பல்ஹோஃபின் கதை நீளமானது. 1923இல் விமான நிலையமான இடம் அது. 1948இல் சோவியத் படை மேற்கு பெர்லினுக்கான சாலைகளையும் ரயில் பாதைகளையும் அடைத்தபோது, மாவும் நிலக்கரியும் வந்திறங்கிய ஓடுபாதைகளில் ஒன்று இங்கேதான் இருந்தது. அதனால் முதியவர்கள் பலருக்கு அது வெறும் விமான நிலையம் அல்ல, உயிர் காத்த இடம். மூடும் திட்டம் வந்தபோது மக்கள் வாக்கெடுப்பு கேட்டார்கள். 2008 ஏப்ரலில் நடந்த அந்த வாக்கெடுப்பில், மூடக்கூடாது என்ற தரப்புக்குச் சட்டம் கேட்ட அளவு வாக்கு விழவில்லை. அக்டோபரில் நிலையம் மூடப்பட்டது. 2010இல் திடலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஓடுபாதையில் சைக்கிள் ஓடியது, ஓரத்தில் காய்கறிப் பாத்திகள் முளைத்தன. பின்னர் நகர அரசு, விளிம்புகளில் சுமார் 4,700 வீடுகளும் ஒரு மைய நூலகமும் கட்ட விரும்பியது. 2014 மே 25இல் மீண்டும் வாக்கெடுப்பு. எதுவும் கட்டவேண்டாம் என்று 64.3 விழுக்காட்டினர் சொன்னார்கள். முந்நூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட திடல் இன்றும் திறந்தவெளி.

அந்தத் தீர்ப்பில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வாடகை ஏறிக்கொண்டே போகும் ஊரில், விளிம்பிலாவது எளியவர்களுக்கு வீடு கட்டியிருக்கலாம். பெர்லினிலும் அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் தவறோ சரியோ, அது அந்த ஊர் மக்கள் எடுத்த முடிவு. சுங்கை பீசியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இப்படி ஊர்மக்களே முடிவெடுப்பது ஐரோப்பாவுக்கு மட்டும் வாய்க்கும் சங்கதி என்று நினைக்கவேண்டாம். 1950களின் இறுதியிலிருந்து ஈப்போ நகர மன்றத்தைத் தேர்தலில் வென்று நடத்தியது, சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. இன்று நகர மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற 'துண்டாடல்' காலத்தில் சுங்கை சிப்புட்டின் மைந்தர் துன் சம்பந்தன் இன்னொரு வழி காட்டினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிய பால்மரத் தொழிலாளர்கள், கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலாவதாக வாங்கினார்கள். காலடி நிலம் விலைபோனபோது, அதை வாங்கும் தரப்பாகவே அவர்கள் மாறினார்கள். மலேசியத் தமிழர் வரலாற்றில் இதற்கு இணையான சாதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஈப்போவின் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் இன்னும் இயங்குகிறது. குடியிருப்புகள் சூழ்ந்த ஊருக்குள் சுமார் 2,000 மீட்டர் ஓடுபாதை. இதை வேறிடத்துக்கு மாற்றலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. அப்படி நடந்தால் அந்த நிலத்துக்குப் போட்டி கடுமையாக இருக்கும். நமக்கு வாக்கெடுப்பு உரிமை இல்லை. ஆனால் 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்கவேண்டும். ஈப்போவின் வரைவு பார்வைக்கு வரும்போது நகர மன்றத்துக்குப் போய்ப் பாருங்கள். திடல் எவ்வளவு, மலிவு விலை வீடு எவ்வளவு வேண்டும் என்று உங்கள் பெயரோடு எழுதிக் கொடுங்கள்.