1701 எப்படி 1017 ஆனது?

1967 ஒக்டோபரில் ஸ்டார் ட்ரெக் தொடரில் ‘த டூம்ஸ்டே மெஷின்’ என்றொரு பகுதி ஒளிபரப்பானது. எண்டர்பிரைஸ் கப்பலைப் போலவே இருக்கும் இன்னொரு கப்பல், பெயர் கான்ஸ்டலேஷன், அடிபட்டுச் சிதைந்து விண்வெளியில் அநாதையாக மிதந்துகொண்டிருக்கும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

அந்தக் கப்பலை எதில் செய்தார்கள் தெரியுமா? கடையில் விற்ற பிளாஸ்டிக் மாடல் கிட்டில். ஏ.எம்.டி. என்ற அமெரிக்க நிறுவனம் 1966இல் எண்டர்பிரைஸ் கிட் ஒன்றை வெளியிட்டிருந்தது. படப்பிடிப்புக் குழு அதையே எடுத்து ஒட்டி, சேதப்படுத்தி, கமெராவுக்கு முன்னால் தொங்கவிட்டது. கிட்டோடு வந்த ஸ்டிக்கரில் எண்டர்பிரைஸின் இலக்கமான 1701 மட்டும்தான் இருந்தது. அதே நான்கு இலக்கங்களை இடம் மாற்றி ஒட்டினார்கள். 1017 ஆயிற்று. புதுக் கப்பல் தயார்!

வீட்டு மேசையில் பசையும் கத்தியும் வைத்துக்கொண்டு நீங்கள் செய்கிற அதே வேலையைத்தான் ஸ்டூடியோவும் செய்தது. இந்தக் கட்டுரை முழுவதும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரசிகர்கள் செய்யும் விண்கப்பல் மாடல்களையும், அவற்றுக்குப் பின்னால் நிழல் மாதிரி வரும் பதிப்புரிமைப் பயத்தையும் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப்போகிறேன். (காப்புரிமை, பதிப்புரிமை என்ற இரண்டு சொற்களையும் கனபேர் கலந்து எழுதுகிறார்கள். புத்தகம், படம், இசை, சிற்பம் போன்ற படைப்புகளுக்கு உரியதை நான் பதிப்புரிமை என்றே எழுதுகிறேன்.)

1967இல் நடந்தது ஒரு தடவை நடந்த அவசர வேலை என்று நினைக்கவேண்டாம். 1990இல் அடுத்த தலைமுறைத் தொடரில் வுல்ஃப் 359 என்ற இடத்தில் ஒரு பெரிய போர் நடந்து முடிந்திருக்கும். அங்கே சிதறிக் கிடக்கும் கப்பல்களில் சில கடையில் விற்ற எண்டர்பிரைஸ்-டி கிட்டுகளின் துண்டுகள். அவற்றில் ஒன்றின் மேல் நீளமாக ஒட்டியிருப்பவை ஹைலைட்டர் பேனாக்கள். ஆம், பள்ளிக்கூடத்தில் மஞ்சள் கோடு போடுவோமே, அதேதான். பெயின்ட் அடித்தபின் யாருக்குத் தெரியப்போகிறது?

ஸ்டார் வோர்ஸ் இதில் இன்னும் ஒரு படி மேலே. 1975இல் ஜோர்ஜ் லூகாஸ் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மஜிக் நிறுவனத்தின் மாடல் தொழிலாளர்கள் டாங்கி, போர்க்கப்பல், விமானம், பந்தயக் கார் என்று கிட்டுகளை அள்ளி வாங்கினார்கள். அவற்றின் சின்னச் சின்னத் துண்டுகளை மிலேனியம் பால்கன் போன்ற கப்பல்களின் மேற்பரப்பில் ஒட்டினார்கள். இதில் ஒரு பொறியியல் தந்திரம் இருக்கிறது. வழுவழுப்பான பரப்பைக் கண் சிறியதாக எடுத்துக்கொள்ளும். நுணுக்கமான குழாய், மூடி, கம்பி என்று நிறைய இருந்தால், இது ஏதோ பிரம்மாண்டமான இயந்திரம் என்று மூளை ஏமாந்துவிடும். இன்று சில ரசிகர்கள் அந்தப் படத்தை உறையவைத்துப் பார்த்து, இந்தத் துண்டு எந்த டாங்கிக் கிட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, அதே பழைய கிட்டைத் தேடி வாங்கி, அதே இடத்தில் ஒட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் இது தொல்லியலுக்குக் கிட்ட வந்துவிட்ட வேலை.

கிட்டை வாங்கி வெட்டி ஒட்டுவதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. விற்றபின் அந்தப் பெட்டி வாங்கியவருடையது. பிரச்சினை எங்கே தொடங்குகிறது?

என் அக்காவின் மகனுக்கு 15 வயது. பள்ளிக்கூட 3டி பிரிண்டரில் ஒரு எக்ஸ்-விங் அச்சிட்டுக் கொண்டுவந்து காட்டினான். நன்றாகத்தான் இருந்தது. பிறகு கேட்டான்: “மாமா, இதே மாதிரி 20 செய்து, ஒன்றை 10 பவுணுக்கு வித்தா பொலிஸ் பிடிக்குமோ?”

“பொலிஸ் வாறது அரிது. வக்கீல் கடிதம் வரும்,” என்றேன். அவனுக்கு அது போதவில்லை. உங்களுக்கும் போதாது.

ஒரு கப்பலின் வரைபடமும் படமும் ஒருவருக்குச் சொந்தமானால், அதைப் பார்த்துப் புதிதாக ஒரு மாடல் செய்வதும் பிரதி எடுப்பதாகவே கருதப்படலாம். தாளில் இருந்ததை பிளாஸ்டிக்கில் கொண்டுவந்துவிட்டேன் என்பதால் தப்பிக்க முடியாது. அமெரிக்காவில் ஒருவர் பேட்மேனின் காரை உண்மையான அளவில் செய்து, ஒன்று ஏறக்குறைய 90,000 டொலருக்கு விற்றுவந்தார். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் கார் வெறும் கார் இல்லை, கதையில் வரும் ஒரு பாத்திரம், ஆகவே பதிப்புரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. எண்டர்பிரைஸையும் பால்கனையும் பாத்திரம் என்று சொல்ல யாருக்கும் அதிக நேரம் எடுக்காது.

ஆனால் இங்கிலாந்தில் கதை வேறு மாதிரிப் போனது. லண்டனின் ட்விக்கன்ஹாம் பகுதியில் பட்டறை வைத்திருந்தவர் ஆண்ட்ரூ ஐன்ஸ்வர்த். 1976இல் முதல் ஸ்டார் வோர்ஸ் படத்துக்கு ஸ்டோர்ம்ட்ரூப்பர் தலைக்கவசங்களை பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுத்தவர் அவர். 2004இல் அதே மாதிரிக் கவசங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். அமெரிக்காவிலும் சில விற்றன. லூகாஸ்ஃபில்ம் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டது. அவர் போகவில்லை. 2006இல் 2 கோடி டொலர் கட்டு என்று தீர்ப்பு வந்தது. பிறகு வழக்கு லண்டனுக்கு வந்தது.

இங்கே கேள்வி ஒன்றே ஒன்று: தலைக்கவசம் ஒரு சிற்பமா? சிற்பம் என்றால் நீண்ட காலப் பதிப்புரிமை உண்டு. சிற்பம் இல்லை, ஒரு படம் எடுப்பதற்காகச் செய்த பொருள் என்றால், தொழில் வடிவமைப்புக்கான குறுகிய காலப் பாதுகாப்பு மட்டும்தான். அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சிற்பம் இல்லை என்றது. கலைப்படைப்பு என்றால் அது அந்தத் திரைப்படம்தான், கவசம் அதை உருவாக்கப் பயன்பட்ட ஒரு பொருள் என்பது அவர்களுடைய வாதம். ஐன்ஸ்வர்த் இங்கே தொடர்ந்து விற்கலாம். ஆனால் அதே தீர்ப்பில் ஒரு முள்ளும் இருந்தது: அமெரிக்கப் பதிப்புரிமையை மீறினால், அதற்காக இங்கிலாந்து நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். ஒரே பொருள், ட்விக்கன்ஹாமில் விற்றால் சரி, அமெரிக்காவுக்கு அனுப்பினால் தப்பு. வழக்கில் இருந்தது கவசம்தான், கப்பல் இல்லை. ஆகவே மருமகன் இதைக் கேட்டுத் துள்ளியபோது, அவசரப்படாதே என்று சொல்லவேண்டியிருந்தது.

சட்டம் ஒரு பக்கம். ஸ்டூடியோக்களின் மனநிலை இன்னொரு பக்கம். அது காலத்துக்குக் காலம் மாறியது.

ஃபிரான்ஸ் ஜோசஃப் என்ற பெயரில் எழுதியவர் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் விமான நிறுவனமொன்றில் வேலை செய்த வரைவாளர். மகளும் அவளுடைய நண்பர்களும் ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள். அவர்கள் செய்த பொருட்களைப் பார்த்த தகப்பன், இதை ஒழுங்காக வரையலாமே என்று உட்கார்ந்தார். 1975இல் எண்டர்பிரைஸின் வரைபடங்கள் 12 தாள்களாக வந்தன. அதே ஆண்டில் ‘ஸ்டார் ஃபிளீட் டெக்னிக்கல் மேனுவல்’ வந்தது. இரண்டும் முறையான உரிமத்தோடுதான் வந்தன, விற்பனையும் அமோகம். தொடரில் ஒருபோதும் வராத கப்பல்களை அவர் தானாகவே கற்பனை செ்து, பெயரும் இலக்கமும் கொடுத்திருந்தார். 1979இல் முதல் ஸ்டார் ட்ரெக் திரைப்படம் வந்தபோது, ஒரு காட்சியில் பின்னணியில் வானொலிப் பேச்சு ஓடும். கவனமாகக் கேளுங்கள். கொலம்பியா, ரிவியர், ஆன்டாண்ட் என்று வரும் கப்பல் பெயர்கள் அவருடைய கையேட்டிலிருந்து எடுத்தவை. ஒரு வீட்டு மேசையில் பிறந்த கப்பல்கள் படத்துக்குள்ளேயே போய்விட்டன.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்த வழி. வேலையில் தினமும் மென்பொருள் உரிமங்களோடு மாரடிப்பவன் என்பதால் இருக்கலாம்.

1980களின் தொடக்கத்தில் அங்கே ‘கராஜ் கிட்’ பைத்தியம் பிடித்தது. கடையில் கிடைக்காத மாடலை ரசிகரே செதுக்குவார். அதைச் சுற்றி சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்சு எடுப்பார். அச்சுக்குள் ரெசினை ஊற்றினால் பிரதி. ஒரு ரப்பர் அச்சு சில பத்துப் பிரதிகளுக்குப் பிறகு கிழிந்துபோகும், அதனால் பெரிய தொழிற்சாலையோடு போட்டிபோட முடியாது. ஆனாலும் பாத்திரமும் கப்பலும் வேறொருவருடையவைதானே? 1985இல் ஜெனரல் ப்ரொடக்ட்ஸ் என்ற ஒசாகா நிறுவனம் வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற விழாவைத் தொடங்கியது. அதோடு வளர்ந்ததுதான் ‘ஒருநாள் உரிமம்’. செய்கிறவர் மாதக்கணக்கில் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். விழாக்காரர் உரிமையாளரிடம் அனுமதி கேட்பார். உரிமையாளர் மாதிரியைப் பார்த்து, சரி என்றால், இத்தனை பிரதி, இவ்வளவு பணம் என்று முடிவாகும். அந்த ஒரு நாள், அந்த ஒரு மண்டபத்தில் விற்கலாம். மாலையில் உரிமம் முடிந்துவிடும். மிச்சம் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளவேண்டியதுதான். விழா இன்றும் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது.

எல்லா உரிமையாளரும் சம்மதிப்பதில்லை, மறுப்பும் வரும். ஆனால் கேட்பதற்கு ஒரு கதவு இருக்கிறது, கதவுக்கு நேரமும் விலையும் எழுதியிருக்கிறது. 10 பவுணுக்கு விற்க நினைக்கும் 15 வயதுப் பெடியனுக்கு இங்கே தேவைப்படுவது அதுதான். ஹொலிவூட் உரிமம் என்றால் குறைந்தபட்சக் கட்டணம், ஒப்பந்தம், வக்கீல் என்று நிறுவனங்களுக்கு மட்டும் எட்டுகிற உயரத்தில் இருக்கிறது.

இதில் ரசிகர்களுக்குள்ளேயே ஒரு வேதனையும் உண்டு. ஒருவர் ஆறு மாதம் இருந்து ஒரு கப்பலைச் செதுக்குவார். இன்னொருவர் அதில் ஒன்றை வாங்கி, அதிலிருந்தே அச்சு எடுத்து, பாதி விலைக்கு விற்பார். இதை ரீகாஸ்ட் என்பார்கள். ரசிகர் உலகில் இதற்கு மன்னிப்பே இல்லை. ஆனால் அந்தக் கப்பலை அனுமதி இல்லாமல் செய்திருந்தால் முதலாமவர் எங்கே போய் முறையிடுவார்? அமெரிக்கச் சட்டம் இதில் கடுமையானது. 1980களில் ஒரு எழுத்தாளர் அனுமதி கேட்காமல் ‘ராக்கி 4’ படத்துக்கு ஒரு கதை எழுதிக் கொடுத்தார். தன் கதையைப் பயன்படுத்திவிட்டார்கள் என்று பிறகு வழக்குப் போட்டார். 1989இல் நீதிமன்றம், அனுமதியில்லாமல் இன்னொருவரின் பாத்திரங்களை வைத்து எழுதியதற்கு உனக்கு எந்தப் பதிப்புரிமையும் இல்லை என்று சொல்லிவிட்டது. உழைப்பு உண்மை, உரிமை பூச்சியம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் நீங்கள் ஒரு கோப்பை விற்பனைக்குப் போடுமுன் தெரிந்திருக்க வேண்டியது இது.

பணம் பெரிதானால் என்ன நடக்கும் என்பதற்கு அலெக் பீட்டர்ஸின் கதை இருக்கிறது. ஸ்டார் ட்ரெக்கில் வரும் கலிலியோ என்ற சிறு கப்பலை உண்மையான அளவில் கட்டியதற்கு அந்தக் காலத்தில் பணம் கொடுத்தது அதே ஏ.எம்.டி. நிறுவனம்தான், பதிலுக்கு அவர்களுக்கு கிட் விற்கும் உரிமை கிடைத்தது. பின்னாளில் அந்தக் கலிலியோ வெயிலிலும் மழையிலும் பாழாகிக் கிடந்தது. 2012இல் அதை ஏலத்தில் எடுத்துக் காப்பாற்றிய ரசிகர்களில் பீட்டர்ஸும் ஒருவர். சீரமைத்தபின் 2013இல் அது ஹூஸ்டன் விண்வெளி மையத்தில் வைக்கப்பட்டது. அடுத்து அவர் ‘ஆக்ஸனார்’ என்ற ரசிகர் திரைப்படத்துக்காகப் பொதுமக்களிடம் 10 லட்சம் டொலருக்கு மேல் திரட்டினார். 2015 டிசம்பரில் பரமவுண்டும் சிபிஎஸ்ஸும் வழக்குப் போட்டன. 2017 ஜனவரியில் நீதிபதி, இது நியாயமான பயன்பாடு ஆகாது என்றார். சில நாட்களில் சமரசம் ஆயிற்று.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2016 ஜூன் 23 அன்று, இரண்டு நிறுவனங்களும் ரசிகர் படங்களுக்கு விதிகள் வெளியிட்டன. ஒரு கதை 15 நிமிடம், இரண்டு பகுதி என்றால் மொத்தம் 30. திரட்டும் பணம் 50,000 டொலருக்கு மேல் போகக்கூடாது. கடையில் கிடைக்கும் உடையோ பொம்மையோ கருவியோ பயன்படுத்தினால், அது அதிகாரபூர்வமான பொருளாக இருக்கவேண்டும், போலி கூடாது.

அதே நேரத்தில் வாஷிங்டனில் வேறொரு வேலை முடிந்துகொண்டிருந்தது. 1960களின் தொடரில் பறந்த பெரிய எண்டர்பிரைஸ் மாடல், 11 அடி நீளம், 1974 முதல் ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. இடையில் பல தடவை பெயின்ட் அடித்திருந்தார்கள். அதன் பழைய தோற்றத்தை மீட்க 2014இல் வேலை தொடங்கியது. படப்பிடிப்புக் காலத்தில் அது எப்படி இருந்தது என்று உறுதிப்படுத்த, 1976க்கு முந்திய புகைப்படங்களும் படச்சுருள்களும் இருந்தால் தாருங்கள் என்று அருங்காட்சியகம் ரசிகர்களிடம் கேட்டது. ரசிகர்கள் தேடிக் கொடுத்தார்கள். 2016 ஜூலை 1 அன்று, அந்த விதிகள் வந்து எட்டு நாட்களில், கப்பல் மக்கள் பார்வைக்கு வந்தது. சார்ல்ஸ் லின்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானம் இருக்கும் அதே மண்டபத்தில் அதை வைத்தார்கள்.