சென்னிமலைப் போர்வையும் அதன் சாயலும்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் மதுரையின் கடைத்தெருக்களை வரிசையாகக் காட்டுகிறார். பொன் வாணிகர் வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நால்வகைப் பொன் விற்கிறது. வாங்க வருவோர் மயங்காதிருக்கும்பொருட்டு அங்கே கொடி ஏற்றி வைத்திருக்கின்றனர். அடுத்து வருவது அறுவை வீதி. பருத்தியாலும் மயிராலும் பட்டாலும் நெய்த மடிகள் வகை பிரித்தறிய இயலாதபடி நூறு நூறாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே கொடி பற்றிய பேச்சே இல்லை. ஒன்றுபோல் தோன்றும் இரண்டு சிலம்புகளால் ஓர் உயிரும் ஒரு நகரும் அழிந்த கதையைச் சொல்லும் காப்பியத்தில் இப்படி ஒரு குறிப்பு இருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் சென்னிமலைப் போர்வைகளைப் பற்றி எண்ணும்போதெல்லாம் கொடியற்ற அந்த வீதியே நம் நினைவுக்கு வருகிறது.

ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலையை முருகன் தலமாக அறிந்தவர் பலர். கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய இடம் என்று மரபு சொல்வதும் இவ்வூரையே. கொங்கு நாட்டு வீடுகளிலோ சென்னிமலை என்றால் முதலில் பெட்ஷீட்தான். கூட்டுறவுச் சங்கங்கள் வழியே அதைப் பெயர் பெறச் செய்ததில், பத்மஸ்ரீ விருது பெற்ற எம்.பி. நாச்சிமுத்து அவர்களின் பங்கு பெரிது. இன்று அதே கட்டம், அதே கரை, அதே நிறத்தில் விசைத்தறிப் போர்வையும் கிடைக்கிறது. விலை கணிசமாகக் குறைவு. வாங்குவோர் தயங்குவதில்லை.

போலி என்றதும் நாம் நினைப்பது கைக்கடிகாரத்தைத்தான். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காகச் சென்னையில் உருவான பர்மா பஜாரில் ரோலக்ஸ் என்று எழுதிய கடிகாரத்தைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கியவர்களை நாம் அறிவோம். அதில் இழப்பு என்று ஒன்று இருந்தால், அது சுவிட்சர்லாந்தின் செல்வ நிறுவனத்துக்கு. வாங்கியவரோ மாதச் சம்பளக்காரர். அதை ஒரு சிறு குறும்பாகவே ஊர் எடுத்துக்கொண்டது. போர்வையில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. மூலப்பொருளைச் செய்பவர், அதைப் போலச் செய்பவரைவிடவும் சாயலை வாங்குபவரைவிடவும் ஏழை.

போலச் செய்வது இங்கே புதிதுமன்று. 1866ஆம் ஆண்டில் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளிலிருந்து 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி, 18 தொகுதிகளாக வெளியிட்டார். உருவாக்கப்பட்டவை 20 படிகள். அவற்றில் 13 பிரிட்டனிலேயே வைக்கப்பட்டன. இந்தியர் எதை உடுத்துகிறார்கள், எந்தக் கரையை விரும்புகிறார்கள் என்று அங்குள்ள ஆலைக்காரர்கள் பார்த்து, அதையே நெய்து இங்கே விற்பதற்கான ஏற்பாடு அது. ஓர் அரசே செலவு செய்து நடத்திய நகலெடுப்பு என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

பிறகு கதரின் முறை வந்தது. ஆலைகள் முரட்டுத் துணியை நெய்து கதர் என்ற பெயரில் விற்றன. சென்னிமலையில் 1904ஆம் ஆண்டு நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குமரன், திருப்பூரில் கொடியேந்திச் சென்று தடியடிபட்டு 1932 ஜனவரி 11 அன்று உயிர் நீத்தார். இரண்டே ஆண்டுகளில், அதே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ், கதர்ப் பெயர்ப் பாதுகாப்புச் சட்டம் (1934) வந்தது. இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி நூலைக் கைத்தறியில் நெய்தால் மட்டுமே கதர் என்று சொல்லலாம் என்றது அச்சட்டம். வரலாற்றின் விசித்திரங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் அது காத்தது கதர் என்னும் சொல்லை மட்டுமே. ஆலை நூலை வாங்கிக் கையால் நெய்த சென்னிமலைக்காரர் அதற்குள் வரவில்லை.

அவருக்கான சட்டம் வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. முதலில் 22 வகைகள். விசைத்தறித் தரப்பு வழக்குத் தொடுத்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பின்னர் பட்டியல் 11 ஆகச் சுருங்கியது. படுக்கை விரிப்பு அதில் தப்பிப் பிழைத்தது. எனவே ஒதுக்கப்பட்ட வகைப் போர்வையை விசைத்தறியில் நெய்வது வெறும் மலிவுச் சரக்கன்று, குற்றம். கடையில் யாரும் அப்படிக் கருதுவதாகத் தெரியவில்லை.

குற்றவாளி யார் என்று தேடினால் நமக்குத் தயக்கமே மிஞ்சுகிறது. விசைத்தறி ஓட்டுபவர் பெரும்பாலும் வேற்றூரார் அல்லர். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் இன்று விசைத்தறி வைத்திருக்கும் பல குடும்பங்களில் தாத்தா குழித்தறியில் இருந்தவர். கைத்தறியில் ஒருவர் ஒரு தறியில்தான் உட்கார முடியும். பாவு ஓடுவதும் தார் சுற்றுவதும் வீட்டுப் பெண்களின் உழைப்பு, பல நேரங்களில் கூலிக் கணக்கில் வராத உழைப்பு. விசைத்தறியிலோ ஓர் ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வேறுபாடு முழுவதும் விலையில் இறங்குகிறது. நகலின் விலையே சந்தை விலையாகிவிட்டபின், அசலை நெய்பவர் தம் கூலியை அதற்கேற்பக் குறுக்கிக்கொள்ள வேண்டியதாகிறது. ரோலக்ஸுக்கு அந்தக் கதி இல்லை.

2006ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று நடுவண் அரசு 'கைத்தறி முத்திரை'யை அறிமுகப்படுத்தியது. அறுவை வீதிக்குக் கடைசியில் ஒரு கொடி கிடைத்தது என்று கொள்ளலாம். துணியில் இணைக்கப்படும் சிறு அடையாளம் அது. அது இல்லாத இடத்தில் போர்வையின் ஓரத்தைப் பார்க்கலாம். நெய்யும்போது துணி சுருங்காமல் விரித்துப் பிடிக்கும் கோலின் முட்கள் இரு கரைகளிலும் சிறு துளைகளை விட்டுச் செல்லும். நெசவிலும் கை மாறுபாட்டால் வரும் சிறு ஏற்றத்தாழ்வு தெரியும். ஒரே சீராக, பிசிறின்றி இருப்பது சந்தேகத்துக்குரியது.

ஈரோட்டு ஜவுளிச் சந்தையிலும் மலையடிவாரக் கடைகளிலும் வாங்குவோர் வழக்கமாகக் கேட்பது "சென்னிமலைதானே?" என்பதுதான். விசைத்தறிகளும் அந்த வட்டாரத்தில் உண்டு. ஆகவே கடைக்காரர் பொய் சொல்லாமலே ஆமாம் என்று சொல்லிவிடலாம். "கைத்தறியா?" என்று கேட்டால்தான் அவர் சட்டம் காக்கும் சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிறார்.