அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கும் வீடு



போன கிழமை அடம்பனில் வரலாற்றுப் பாடம். நம் மாவட்டத்தில் உள்ள பழைய கட்டடம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். எல்லோரும் மன்னார்க் கோட்டை என்றார்கள். ஒரு பிள்ளை மட்டும், "அரிப்பில அல்லிராணிட மாளிகை இருக்கு சேர்" என்றான்.

அவன் சொன்ன கட்டடம் உண்மை. ஆனால் அதைக் கட்டியது அல்லிராணி அல்ல, இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த். 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டினார். பெயர் 'டொரிக்'. கிரேக்கரின் தூண் வகைகளில் பழமையானதும் எளிமையானதும் டொரிக்தான். பூவேலைப்பாடு இல்லாத, தடித்த தூண். நோர்த்துக்குக் கிரேக்கத்தின் மேல் தீராத பற்று. பிற்காலத்தில், 1824இல், கிரேக்கத் தீவான கோர்பூவில் ஓர் உயர்கல்விக் கழகத்தையே நிறுவியவர்.

ஆனால் ஓர் ஆளுநர் கொழும்பை விட்டு இந்த வெயிலில் ஏன் வீடு கட்ட வேண்டும்? காரணம் முத்து. வீட்டுக்கு எதிரே கடலுக்குள் முத்துச்சிப்பிப் பார்கள். அன்றைய அரசாங்கத்துக்கு முத்துக்குளிப்பு பெரிய வருமானம். சலாபம் நடக்கும் மாதங்களில் அதை மேற்பார்வை செய்யத்தான் கடலைப் பார்த்தபடி இந்த மாடி வீடு.

இனிக் கட்டடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கிரேக்கர் கல்லில் செய்ததை இங்கே செங்கல்லில் செய்திருக்கிறார்கள். அதன் மேல் சுண்ணாம்புச் சாந்து. அந்தச் சுண்ணாம்பு சிப்பி ஓடுகளைச் சுட்டு எடுத்தது. நன்றாகத் தேய்த்து மெருகேற்றினால் சலவைக்கல் போலப் பளபளக்கும். சாந்து உதிர்ந்த இடங்களில் இன்று செங்கல் தெரிகிறது. வடிவம் கிரேக்கம், உடம்பு நம் மண்ணும் நம் கடலும்.

அந்தக் கடலில் இறங்கியவர்கள் யார்? நம் கரையோரத் தமிழரும் முஸ்லிம்களும், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கமிருந்து வந்தவர்களும், பிற்காலத்தில் அரபிகளும். காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி இறங்கினார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' கரையில் இருந்தால்தான் பலர் கடலில் இறங்குவார்கள். 1906இல் மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் வேலை பார்த்த லெனாட் வூல்ப் அந்தச் சலாபத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்போது எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு ஒரு பங்கு.

ஆளுநருக்கு வீடு இருந்தது, அதனால் அவர் பெயர் நின்றது. முத்துக்குளித்தவர்கள் இருந்தது ஓலைக் கொட்டில்களில். சலாபம் முடிய அவையும் போய்விட்டன.

1990இல் வெளியேற்றப்பட்ட குடும்பத்துப் பிள்ளை நான். புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து பார்த்தபோது எங்கள் வாப்பாவின் வீட்டில் மிஞ்சியது அத்திவாரம் மட்டும். அதைக் காட்டித்தான் வாப்பா எங்கள் கதையைச் சொன்னார். சுவர் இல்லாவிட்டால் ஒரு கதையைச் சொல்லத் தொடங்குவதே கஷ்டம் என்று அன்று விளங்கியது.

டொரிக் நிற்பது தாழ்ந்த செம்மண் மேட்டின் விளிம்பில். கடல் அந்த மேட்டை அரித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டின் ஒரு பகுதி ஏற்கனவே விழுந்துவிட்டது. மிச்சமும் போனால் ஆளுநரின் நினைவோடு முத்துக்குளித்தவர்களின் நினைவும் போய்விடும். அவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல, கைநீட்டிக் காட்ட அந்தக் கரையில் வேறு என்ன இருக்கிறது?

சிலாவத்துறைப் பக்கம் போனால் பிள்ளைகளையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் முத்துக்குளிப்புக் கதை ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த பாடத்தில் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.